லூபஸும் இதயமும்: ஸ்டீரொயிட்டைக் குறைப்பதா, நிறுத்துவதா, அப்படியே விடுவதா?

லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய், ஓரளவு அடங்கிவிட்டது, மூட்டு நோ இல்லை, சிறுநீர் ரிப்போர்ட்டும் பரவாயில்லை, ஆனால் பிரட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை மட்டும் 10 மில்லிகிராமிலேயே வருடக்கணக்காக நிற்கிறது. கொழும்பில் எந்தக் கிளினிக் வரிசையிலும் பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், இந்தக் கதை வரும். என் தங்கச்சியின் கதையும் இதேதான். அவளுக்காக வாசித்ததையும் அவளுடைய வைத்தியரிடம் கேட்டதையும் வைத்து இதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை, கணக்காளர். ஆகவே குளிசையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ இது அனுமதிச் சீட்டு அல்ல. அடுத்த கிளினிக்கில் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொண்டு போவதற்கு மட்டும்.

வீடுகளில் ஸ்டீரொயிட் என்றதும் முகம் ஊதுகிறது, எடை கூடுகிறது, எலும்பு தேய்கிறது என்பதுதான் பேச்சு. இதயத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, ஏனென்றால் அது கண்ணாடியில் தெரிவதில்லை. ஆனால் வைத்திய உலகத்துக்கு இது பழைய செய்தி. 1976இல் டொரொன்டோவில் மறே யுரோவிட்ஸ் என்ற வைத்தியரின் குழு, லூபஸ் நோயாளிகளின் மரணங்களில் இரண்டு அலைகள் இருப்பதைக் கவனித்து எழுதியது. நோய் வந்த ஆரம்பத்தில் இறந்தவர்களைக் கொண்டுபோனது லூபஸின் உக்கிரமும் தொற்றும். பல வருடம் கழித்து இறந்தவர்களுக்கோ லூபஸ் பெரும்பாலும் அடங்கித்தான் இருந்தது, நீண்ட காலம் ஸ்டீரொயிட் எடுத்திருந்தார்கள், போனது மாரடைப்பில்.

அப்புறம் 1997இல் பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த ஆய்வு: 35 முதல் 44 வயது வரையான லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வருவது, அதே வயதுப் பொதுப் பெண்களைவிட 50 மடங்குக்கும் மேல். இந்த எண்ணைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வயதில் பெண்களுக்கு மாரடைப்பு வருவதே மிக அபூர்வம், அபூர்வமான ஒன்றை 50ஆல் பெருக்கினாலும் பெரும்பாலானவர்களுக்கு அது வரப்போவதில்லை. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் 1,800க்கும் மேற்பட்ட லூபஸ் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2012இல் வெளியிட்ட கணக்கில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை எதிர்பார்த்ததைவிட 2.66 மடங்கு என்று வந்தது. மனதில் வைத்துக்கொள்ள இந்த எண்ணே நியாயமானது என்று நினைக்கிறேன்.

குற்றவாளி யார், லூபஸா ஸ்டீரொயிட்டா? இரண்டும்தான், அதனால்தான் முடிவெடுப்பது இவ்வளவு கஷ்டம். லூபஸ் தன் பாட்டிலேயே இரத்தக் குழாயின் உள்சுவரைப் புண்ணாக்கும், நல்ல கொழுப்பின் நல்ல குணத்தைக் கெடுக்கும், கிட்னியைத் தொட்டால் பிரஷரைத் தூக்கும், சிலருக்கு இரத்தம் உறைய வைக்கும் அன்டிபொஸ்போலிப்பிட் அன்டிபொடிகளையும் கொண்டுவரும். ஸ்டீரொயிட் இந்த வீக்கத்தை அடக்கி இதயத்துக்கு நல்லதும் செய்கிறது. அதே கையால் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, சீனியை ஏற்றி, கொழுப்பைக் கூட்டி, வயிற்றில் எடை வைத்துக் கெடுதலும் செய்கிறது. சீனி வருத்தமும் மாரடைப்பும் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு இருக்கிற எங்கள் ஊரில் இந்த இரண்டாம் பகுதி இன்னும் கூடுதலாக உறைக்கும்.

ஆகவே கேள்வி அளவைப் பற்றியது. மேலே சொன்ன ஹொப்கின்ஸ் கணக்கில், ஆய்வின்போது நாளுக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, ஸ்டீரொயிட் எடுக்காதவர்களோடு பார்த்தால் இதய நிகழ்வுகள் ஏறக்குறைய 5 மடங்கு. 10 முதல் 19 வரை எடுத்தவர்களுக்கு 2.4 மடங்கு. நோய் கடுமையானவர்கள்தானே கூட எடுப்பார்கள் என்ற நியாயமான சந்தேகத்துக்கும் இடம் கொடுத்து, நோயின் உக்கிரத்தைக் கழித்துப் பார்த்தபோதும் அந்த 20க்கு மேற்பட்ட ஆபத்து நின்றது. ஆனால் முன்பு எடுத்து இப்போது விட்டவர்களுக்கு அந்தக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த வரி இதுதான். எத்தனை வருடம் விழுங்கிவிட்டோம், இனி என்ன குறைத்து என்ன என்று சலித்துப்போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய வரி.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலாவது, 10இல் அப்படியே விடுவது. இதன் கவர்ச்சி புரிகிறது: ஆறு மணிக்கே வந்து நம்பர் எடுத்து, மத்தியானம் வரை காத்திருந்து, ஐந்து நிமிடம் டொக்டரைப் பார்க்கும்போது "நல்லா இருக்கிறீங்களா?" "ஓம்." "சரி, அதே மருந்து" என்று துண்டு கைக்கு வந்துவிடும். யாருக்கும் பிரச்சினை இல்லை. ஹொப்கின்ஸிலேயே மிஷேல் பெட்ரி 1992இல் எழுதிய கணக்கின்படி பிரட்னிசோன் (பிரட்னிசொலோனுக்குச் சமமான ஸ்டீரொயிட்) 10 மில்லிகிராம் கூடும்போது கொலஸ்ட்ரோல் சுமார் 7.5 புள்ளியும், எடை இரண்டரைக் கிலோ அளவும், பிரஷர் ஒரு புள்ளி போலவும் ஏறுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் அற்பம்தான். மூன்றும் சேர்ந்து 20 வருடம் ஓடினால் அற்பம் இல்லை. 2009இல் வந்த இன்னொரு கணக்கு, நாளுக்கு 6 மில்லிகிராமைத் தாண்டினால் உறுப்புகளுக்கு நிரந்தரப் பாதிப்பு வரும் வாய்ப்பு பாதி மடங்கு கூடுவதாகச் சொல்லியது. நோய் அடங்கியிருக்கும்போது காரணமே இல்லாமல் 10இல் நிற்பது, என் பார்வையில், பழக்கத்தால் எடுக்கும் முடிவு.

அடியோடு நிறுத்துவது பலரின் கனவு. இதற்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. பாரிஸில் 124 பேர், எல்லோரும் நோய் அடங்கி 5 மில்லிகிராமில் நின்றவர்கள். பாதிப்பேரைத் தொடரவிட்டு மீதிப்பேரை நிறுத்தச் செய்தார்கள். ஒரு வருட முடிவில் தொடர்ந்தவர்களில் 7 வீதத்தினருக்கும் நிறுத்தியவர்களில் 27 வீதத்தினருக்கும் நோய் திரும்பக் கிளம்பியது. 2020இல் வெளியானது. இதை இரண்டு விதமாக வாசிக்கலாம், நிறுத்தியவர்களில் நாலில் மூன்று பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் சொல்லலாம். ஆனால் இதயக் கணக்கில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: நோய் பலமாகக் கிளம்பினால் டொக்டர் 30, 40 என்று திரும்ப ஏற்றுவார். 5ஐ மிச்சம் பிடிக்கப் போய் 40இல் மாட்டுவது இதயத்துக்கு நட்டக் கணக்கு. 5 மில்லிகிராம் என்பது உடம்பு தானாக ஒரு நாளைக்குச் சுரக்கும் கோர்ட்டிசோல் என்ற இயற்கை ஸ்டீரொயிட்டுக்குக் கிட்டத்தட்டச் சமமான அளவு. அதற்கும் கீழே போவதால் இதயத்துக்குக் கிடைக்கும் இலாபம், 20இலிருந்து 10க்கு இறங்கியதில் கிடைத்ததைப் போலப் பெரிதாக இருக்க வாய்ப்பில்லை.

டொக்டருக்குச் சொல்லாமல் தானாக நிறுத்துவது இந்த ஒப்பீட்டிலேயே சேராது. கலியாணப் பேச்சு நடக்கும்போது, முகம் வடிய வேண்டும் என்று பிள்ளை குளிசையை ஒளித்துவைப்பதும் அம்மாவே "இப்ப கொஞ்ச நாள் விடு" என்பதும் நடக்கிற காரியம். நீண்ட நாள் ஸ்டீரொயிட் எடுத்தவரின் உடம்பில் கோர்ட்டிசோலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென்று வெளியிலிருந்து வருவது நின்றால் பிரஷர் விழுந்து, வாந்தி, மயக்கம், உயிராபத்து வரை போகலாம். லூபஸ் திரும்பினால் அது தனி. காய்ச்சலோ சத்திர சிகிச்சையோ வந்தால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும் என்பதும் இதனால்தான். பல்லுப் பிடுங்கப் போனாலும் ஸ்டீரொயிட் எடுக்கிறேன் என்று சொல்லுங்கள்.

இடையில் இருப்பது, 5க்கு இறக்கி அங்கே நிறுத்துவது. ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலார் 2019இல் 7.5க்கு மேல் வேண்டாம் என்றது, 2023இல் அதை 5 ஆக்கியது, முடியுமானால் பிறகு நிறுத்தலாம் என்றும் சேர்த்தது. நான் பார்த்த வரையில் இதுதான் இதயத்துக்கும் லூபஸுக்கும் நடுவில் ஒத்துவரும் பேரம். இறங்கும் வேகம்தான் சிக்கல். 10க்குக் கீழே வந்தபின் மாதத்துக்கு 1 மில்லிகிராம் போல மெதுவாக இறக்குவது வழக்கம், இடையிடையே இரத்தம், சிறுநீர், லூபஸ் கிளம்புகிறதா என்று காட்டும் சி3, சி4 இரத்தப் பரிசோதனைகள் பார்த்துக்கொண்டு. 1 மில்லிகிராம் குளிசை எல்லாப் பார்மசியிலும் இருக்காது, 5ஐ நாலாக உடைத்துப் பொடியாக்குவதைவிட அரச பார்மசியான ஒசுசலவிலோ வேறு பெரிய பார்மசியிலோ விசாரித்துப் பார்ப்பது நல்லது. இறங்கும்போது முதல் சில வாரம் உடம்பு நோவும் சோர்வும் வரலாம். அது லூபஸா, ஸ்டீரொயிட் குறைந்த அலுப்பா என்று நாமே தீர்ப்பு எழுதக்கூடாது, பரிசோதனை சொல்லட்டும்.

ஆனால் வெறுமனே இறக்கினால் சிலருக்கு 7இலோ 8இலோ நோய் எட்டிப் பார்க்கும். அங்கேதான் இன்னொரு மருந்தைச் சேர்த்து இறக்கும் வழி வருகிறது, நான் கூடுதலாகச் சொல்ல விரும்புவதும் இதைப் பற்றித்தான்.

அதற்கு முன், ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின் சரியாக எடுக்கிறீர்களா? இது மலேரியாக் குடும்பத்து மருந்து. "எங்கட நாட்டில மலேரியாவே இல்லையாம், பிறகு ஏன் உனக்கு இந்தக் குளிசை?" என்று பெரியம்மா ஒருவர் கேட்டார், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்ததை நன்றாக நினைவு வைத்திருக்கிறார். லூபஸுக்கு இது வேறு விதமாக வேலை செய்கிறது, நோய் கிளம்புவதைத் தடுக்கிறது. கனடாவில் 1991இல் வெளியான ஆய்வில் இதை நிறுத்தியவர்களுக்கு நோய் கிளம்புவது 2.5 மடங்காக இருந்தது. இதயப் பக்கத்தில் கொலஸ்ட்ரோலையும் சீனியையும் சற்றுக் குறைக்கும், இரத்தம் உறைவதையும் குறைக்கும் என்று நம்பப்படுகிறது. முடியாத காரணம் இருந்தாலன்றி லூபஸ் உள்ள எல்லோருக்கும் இதைக் கொடுக்கச் சொல்வது அதனாலும்தான். இலக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். 60 கிலோ என்றால் 300, அதாவது 200 மில்லிகிராம் குளிசை ஒரு நாள் ஒன்று, மறுநாள் இரண்டு. கண்ணுக்கு ஆபத்து என்று பயந்து விடுகிறவர்கள் அதிகம். ஆபத்து உண்மை, ஆனால் இந்த அளவில் வருடங்கள் கழித்து, மெதுவாக வருவது. ஆரம்பத்தில் ஒரு தடவை விழித்திரையைப் பார்த்து, 5 வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் பார்த்தால் பெரும்பாலும் நேரத்தோடு பிடித்துவிடலாம். கிட்னி பழுது இருந்தால் முன்னதாகவே பார்க்க வேண்டும். இதைப் பயந்து விட்டுவிட்டு ஸ்டீரொயிட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது தலைகீழ் வியாபாரம்.

அதுவும் போதாவிட்டால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள்: அசாதியோபிரின், மெத்தோட்ரெக்ஸேட், மைக்கோபினோலேட். தங்கச்சிக்கு அசாதியோபிரின் சேர்த்தார்கள், வேலை காட்ட மாதக்கணக்கில் எடுத்தது, அதற்குள் "இது சரிவராது போல" என்று வீட்டில் எல்லோரும் அபிப்பிராயம் சொல்லி முடித்துவிட்டோம். மெத்தோட்ரெக்ஸேட் மூட்டுக்கும் தோலுக்கும் நல்லது, வாரத்துக்கு ஒரு தடவை மட்டும். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, வயதானவர் வீட்டில் குளிசை எடுத்துக் கொடுப்பவராக இருந்தால் பெட்டியில் நாளைப் பெரிதாக எழுதிவையுங்கள். கிட்னி லூபஸுக்கு மைக்கோபினோலேட் முன்னுக்கு நிற்கும். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் முடிவே மாறும்: மெத்தோட்ரெக்ஸேட்டும் மைக்கோபினோலேட்டும் கருவுக்கு ஆகாது, முன்கூட்டியே நிறுத்த வேண்டும், அசாதியோபிரினையும் ஹைட்ரொக்ஸிகுளோரோகுயினையும் தொடரலாம். கலியாணம் ஆகாத பிள்ளை என்று டொக்டரும் கேட்கமாட்டார், பிள்ளையும் சொல்லாது. கேட்க வேண்டியது நீங்கள்தான். மூன்றுக்கும் இரத்த அணுக்களும் ஈரலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், தொற்று எளிதில் வரும். பெலிமுமாப், அனிஃப்ரொலுமாப் போன்ற புதிய ஊசிகள் ஸ்டீரொயிட்டைக் குறைக்க உதவுகின்றன, ஆனால் அவற்றின் விலை எங்களில் பெரும்பாலானோருக்கு எட்டாதது, அதனால் இங்கே நீட்டவில்லை.

இன்னொரு யோசனையும் சொல்வார்கள்: ஸ்டீரொயிட் இருக்கட்டும், கொலஸ்ட்ரோல் குளிசை ஒன்றைச் சேர்த்துவிட்டால் இதயம் தப்பிவிடுமே? இவ்வளவு சுலபம் இல்லை. 2011இல் வந்த ஹொப்கின்ஸ் ஆய்வில் 200 லூபஸ் நோயாளிகளுக்கு இரண்டு வருடம் பார்த்தார்கள், பாதிப்பேருக்கு ஸ்டட்டின் வகைக் கொலஸ்ட்ரோல் குளிசையான அட்டோர்வஸ்டட்டின் 40 மில்லிகிராம், மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. இதயக் குழாயில் சுண்ணாம்பு படிவதில் வித்தியாசம் இல்லை. கொலஸ்ட்ரோல் உண்மையில் கூட இருப்பவருக்கும், சீனி, கிட்னிப் பிரச்சினை உள்ளவருக்கும் ஸ்டட்டின் தேவைதான், அதை விடச் சொல்லவில்லை. லூபஸ் இருக்கிறது என்பதற்காக மட்டும் விழுங்கி, 10 மில்லிகிராம் ஸ்டீரொயிட்டுக்குப் பிராயச்சித்தம் செய்ய முடியாது என்கிறேன். அஸ்பிரினை, அன்டிபொஸ்போலிப்பிட் பரிசோதனையில் பிடிபட்டவர்களுக்குப் பெரும்பாலும் கொடுப்பார்கள். அந்தப் பரிசோதனை ஒரு தடவையாவது செய்திருக்கிறார்களா என்று கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். அந்த அன்டிபொடி இருப்பவர்கள் ஈஸ்ட்ரஜன் உள்ள குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எடுக்கக்கூடாது.

பிரஷருக்கு மட்டும் இரண்டு கருத்து இல்லை. யூலார் 2022இல் சொன்ன இலக்கு 130/80க்குக் கீழே. "வயசுப் பிள்ளைதானே" என்று சில கிளினிக்குகளில் பட்டையைக் கையில் சுற்றுவதே இல்லை. வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கி வாரத்தில் சில நாள் எழுதிக்கொண்டு போங்கள், எழுதின தாளைப் பார்த்தால் டொக்டரும் நின்று யோசிப்பார். உப்பு விஷயத்தில் எங்கள் சாப்பாடு கொஞ்சம் வஞ்சகம் செய்யும்: கருவாடு, மாசிச் சம்பல், ஊறுகாய், கடையில் வாங்கும் மிக்ஸர், இரவு காலி வீதியில் வாங்குகிற கொத்து. சொதியைக்கூட விட்டுவிடலாம், கருவாட்டை விட்டுத்தரச் சொன்னால் எங்கள் வீட்டில் போர். நடப்பதென்றால் வெயில் லூபஸைக் கிளப்பும் என்பதால் காலை ஆறு மணிக்கு வெள்ளவத்தை மரீன் டிரைவ், அல்லது வெயில் சாய்ந்தபின். சிகரெட் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

மூட்டு நோவுக்கு டிக்ளோபெனாக்கை பார்மசியில் கேட்டு வாங்கி விழுங்குவது, ஸ்டீரொயிட்டைக் குறைத்த இலாபத்தையும் சாப்பிட்டுவிடும். பிரஷர், கிட்னி, இதயம் மூன்றுக்கும் கெடுதல். பெயரில்லாத சூரணம், "இரண்டு நாளில நோ பறக்கும்" என்ற குளிசைகளையும் நம்பாதீர்கள், அவற்றில் ஸ்டீரொயிட்டையே கலந்திருந்தால் உங்கள் 5 உண்மையில் எவ்வளவு என்று டொக்டருக்கே தெரியாது.

நெஞ்சு நோவை வயது பார்த்து காஸ்ரைட்டிஸ் என்று தள்ளிவிடாதீர்கள். மூச்சிழுக்கும்போதும் படுக்கும்போதும் கூடி, முன்னால் குனிந்தால் குறைவது லூபஸால் இதய உறை வீங்கியதாக இருக்கலாம். அழுத்தமாக, கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்துவிட்டு, வருபவர்களிடம் முதல் வசனத்திலேயே லூபஸ் என்று சொல்லுங்கள். 30 வயதுப் பெண்ணுக்கு மாரடைப்பா என்று யோசிக்கும் நேரம் மிச்சமாகும்.

என் தெரிவைக் கேட்டால்: ஹைட்ரொக்ஸிகுளோரோகுயினை எடைக்கேற்பச் சரிசெய்து, இறங்க முடியாவிட்டால் இரண்டாவது மருந்தைக் கேட்டு வாங்கி, 5 வரை மெதுவாக வந்து, அங்கே குறைந்தது ஒரு வருடமாவது அமைதியாக நின்றபிறகே நிறுத்துவது பற்றிப் பேசுவது. அடிக்கடி நோய் கிளம்பிய வரலாறு உள்ளவர்களும், கிட்னியோ மூளையோ அண்மையில் பாதிக்கப்பட்டவர்களும் இந்த அவசரத்துக்குள் வரவேண்டாம், அவர்களுக்கு 7.5இல் நிற்பதே சில காலம் சரியாக இருக்கலாம். இதற்கிடையில் நோய் கிளம்பினால் இன்னொன்றைக் கேளுங்கள்: மாதக்கணக்கில் 40 விழுங்குவதற்குப் பதிலாக ஆஸ்பத்திரியில் மெதைல்பிரட்னிசொலோனை ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை ஊசியாக ஏற்றி, பின் குறைந்த அளவு குளிசையோடு வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று. சீனியும் பிரஷரும் அந்த நாட்களில் ஏறும், அங்கேயே வைத்துப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் யூலாரின் வழிகாட்டலிலேயே உள்ள வழிதான். கேட்டால் டொக்டர் முறைக்க மாட்டார்.